சாவிக்கொத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறையில் கைதி தாக்கிக் காவலர் காயம் என்று உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது நாலு வரிச் செய்தி வருகிறது. எந்தச் சிறை, எத்தனை தையல், எந்தப் பிரிவில் வழக்கு, அத்தோடு சரி. அந்தக் காவலர் அன்றைக்கு எத்தனை மணி நேரமாக டூட்டியில் நின்றார், அந்த பிளாக்கில் கூட யாராவது இருந்தார்களா, வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம், அவருக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்திருந்தார்கள், இதெல்லாம் ஒரு வரிகூட இருக்காது. நான் 31 வருடம் சிறைக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நாலு வரியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றுவது இந்தக் கேள்விகள்தான்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தங்கை மகளுக்குச் சிறைக்காவலர் வேலை கிடைத்திருக்கிறது. ஆர்டரை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "மாமா, நான் என்னென்ன தெரிஞ்சு வெச்சுக்கணும், சொல்லுங்க" என்று கேட்டாள். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் கிளம்பிப் போன பிறகு யோசித்துப் பார்த்தால், நான் சொன்னதில் பாதியைக்கூட எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தந்ததில்லை. அடிபட்டும், பயந்தும், ஏமாந்தும் நானாகத் தெரிந்துகொண்டவை அவை. அவளும் அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நான் சேர்ந்த காலத்தில் பயிற்சி என்றால் பெரும்பாலும் பரேட்தான். ஓட்டம், சல்யூட், துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவது, அப்புறம் விதிப் புத்தகத்திலிருந்து சில பக்கங்களை ஒருவர் வாசிக்க நாங்கள் எழுதிக்கொள்வது. உடம்பு நன்றாகத் தேறியது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 31 வருடத்தில் ஒரு முறைகூட நான் வேலையில் சுட்டதில்லை. தினமும் செய்தது என்னவென்றால் பேசியது, கவனித்தது, கேட்டது, கைதிகளை எண்ணியது, பூட்டியது, எழுதியது. இதில் எண்ணுவதையும் பூட்டுவதையும் மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் போகப் போக வந்துவிடும் என்றார்கள்.

இரவு டூட்டிக்குப் போட்ட முதல் வாரமே ஒரு சத்தம். ஒரு செல்லில் இருந்தவர் கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொண்டார், கூட இருந்தவர் அவருடைய கால்களைக் கட்டிப்பிடித்துத் தூக்கியபடி கத்துகிறார். சாவி என்னிடம் இல்லை, இருந்தாலும் இரவில் தனி ஆளாகச் செல்லைத் திறக்கக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான், காப்பாற்றுங்கள் என்று கத்தி வரவழைத்துக் காவலரை அமுக்கிய சம்பவங்கள் எல்லா நாட்டுச் சிறைகளிலும் உண்டு. நான் விசில் ஊதினேன், கேட் வரைக்கும் ஓடினேன், ஆட்களோடு திரும்பி வந்தேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் காப்பாற்றியது நான் இல்லை, நாலு நிமிடமும் கையை விடாமல் தாங்கிப் பிடித்திருந்த அந்த இன்னொரு கைதி. அந்த நேரத்தில் கம்பிக்கு வெளியே நிற்கிற நான் அவருக்கு என்ன சொல்ல வேண்டும், உள்ளே போனதும் முதலில் எதைச் செய்ய வேண்டும், கீழே இறக்கும்போது கழுத்தை எப்படித் தாங்க வேண்டும், மூச்சு இல்லையென்றால் நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும், ஒன்றும் தெரியாது எனக்கு. சுமார் இருபது வருடம் கழித்து ஒரு பயிற்சி நாளில் ஒரு நர்ஸ் அம்மா வந்து இதையெல்லாம் செய்து காட்டினார். வெளிப்பக்கம் மழுங்கி உள்வளைவு மட்டும் வெட்டுகிற, கழுத்தில் படாத ஒரு கத்தி இருக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன். மொத்தம் இரண்டு மணி நேரப் பாடம். நான் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

சிறைக்காவலருக்கு ஆபத்து என்றால் வெளியில் இருப்பவர்களுக்குக் கத்திக்குத்துதான் ஞாபகம் வரும். அதுவும் உண்டு. காலையில் செல் திறக்கும் நொடி, சாப்பாட்டு வரிசை, ஒளித்து வைத்த போனைப் பறிமுதல் செய்யும் நேரம், கெட்ட செய்தி வந்த கைதியை அழைத்துப் போகும் நேரம், தாக்குதல் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான் நடக்கும். மலத்தையும் சிறுநீரையும் முகத்தில் வீசுவார்கள். சோதனை போடும்போது படுக்கைக்குள் கையை விட்டால் ஊசி குத்தும், அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதே, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார் என்பது முதல் பாடமாக இருக்க வேண்டும். காசநோய் வெளியில் இருப்பதைவிடச் சிறைக்குள் பல மடங்கு அதிகம், நெரிசலும் காற்றோட்டம் இல்லாததும்தான் காரணம், அந்தக் காற்றைத்தான் காவலரும் எட்டு மணி நேரம் சுவாசிக்கிறார். பிரிட்டிஷ் சிறைகளில் செயற்கைப் போதை மருந்தில் ஊறவைத்த காகிதத்தைக் கைதிகள் புகைக்க, அந்தப் புகையிலேயே காவலர்கள் தலைசுற்றி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

மதிலுக்கு வெளியேயும் இந்த வேலை கூடவே வரும். வட அயர்லாந்தில் 2012 நவம்பர் 1 அன்று ஒரு சிறை அதிகாரி காலையில் வேலைக்குக் கார் ஓட்டிப் போகும்போது நெடுஞ்சாலையில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார், அவர் வேலை பார்த்தது மகாபெரி சிறையில். பிரான்சில் 2024 மே 14 அன்று இன்கார்வில் சுங்கச்சாவடியில் ஒரு கைதியைக் கொண்டுபோன வேனை மறித்துச் சுட்டதில் இரண்டு சிறை ஊழியர்கள் இறந்தார்கள், மூன்று பேர் காயம், கைதி தப்பிவிட்டார். 1992க்குப் பிறகு அந்த நாட்டில் பணியில் இருந்த சிறை ஊழியர்கள் கொல்லப்பட்டது அதுதான் முதல் முறை. அதே வருடம் ஜனவரியில் எக்வடோரில் ஒரே நேரத்தில் பல சிறைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பணயமாகப் பிடித்து வைத்தார்கள். கைதியை வெளியே கொண்டுபோகிற எஸ்கார்ட் டூட்டி, ஆஸ்பத்திரி டூட்டி இரண்டையும் லேசான வேலை என்று நினைத்து புதுப் பையன்களை அனுப்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான டூட்டி. உள்ளே உங்களைச் சுற்றி மதில் இருக்கிறது, அலாரம் அடித்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். ஆஸ்பத்திரி வார்டில் யார் நோயாளியின் சொந்தக்காரர், யார் வேறு எதற்காகவோ வந்தவர் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் ஆசிரியர் அவர்களே, கத்தியைவிட நான் அதிகம் பயந்தது வேறு ஒன்றுக்கு. அதைப் பற்றிப் பத்திரிகையில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

என்னோடு சேர்ந்தவர் ஒருவர், நல்ல மனிதர், கை சுத்தம். அவர் பிளாக்கில் இருந்த ஒரு கைதி மரியாதையாகப் பேசுவார், மற்றவர்கள் சத்தம் போட்டால் அடக்கி வைப்பார். அந்தக் கைதிக்குக் கண்ணில் தொந்தரவு. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து வரத் தாமதமாகிறது என்று சொல்லி, ஒரு சொட்டு மருந்து வாங்கி வரச் சொன்னார். இவர் வாங்கிக் கொடுத்தார். இரக்கம்தான், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் வெளியிலிருந்து எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது விதி. அடுத்த மாதம் ஒரு கடிதத்தைத் தபாலில் போடச் சொன்னார். அதற்கடுத்து ஒரு சின்னப் பொட்டலம். இவர் முடியாது என்றதும், சொட்டு மருந்து விஷயத்தை மேலே சொல்லட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். அன்றைக்கே நேராக மேலதிகாரியிடம் போயிருந்தால் ஒரு மெமோவோடு முடிந்திருக்கும். போகவில்லை, மெமோவுக்குப் பயந்தார். ஒன்றரை வருடத்தில் வேலை போய் வழக்கும் வந்தது. அவர் மனைவி என் மனைவியிடம் வந்து அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காவலரை வளைப்பதற்கு இங்கிலாந்துச் சிறைகளில் கண்டிஷனிங் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எப்படி ஆரம்பிக்கும், யாரைத் தேர்ந்தெடுப்பார்கள், புதிதாக வந்தவர்களையும் தனியாக இருப்பவர்களையும் கடன் இருப்பவர்களையும் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று பாடமாகவே நடத்தலாம். நடிக்க வைத்துப் பழக்கலாம். ஒருவர் கைதியாகப் பேச வேண்டும், இன்னொருவர் சிரித்த முகத்தோடு மறுக்கப் பழக வேண்டும். இன்னொன்று, முதல் தப்பைத் தானாக வந்து சொல்கிற காவலரைத் தண்டிக்கக் கூடாது என்று மேலதிகாரிகளுக்கும் பாடம் நடத்த வேண்டும். அந்தப் பாடம் இல்லாமல் இந்தப் பாடம் வேலைக்கு ஆகாது.

அதற்காகக் கைதிகளோடு பேசவே கூடாது என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நேர் எதிர். பேசாத காவலர்தான் முதலில் அடிவாங்குவார்.

ஒரு நாள் மாலை மைதானத்தில் வழக்கம்போல ஆட்கள் நிற்கிறார்கள், ஆனால் ஏதோ சரியில்லை. பந்து கிடக்கிறது, யாரும் ஆடவில்லை. எப்போதும் கலந்து நிற்கிறவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்கிறார்கள். வெறுங்காலோடு திரிகிறவர்கள் செருப்பு மாட்டியிருந்தார்கள். அந்த வாரம் கேன்டீனில் பிஸ்கட்டும் சோப்பும் வழக்கத்தைவிட அதிகம் போனதாக வேறு சொல்லியிருந்தார்கள், கலவரம் வரும், அடைபட்டுக் கிடப்போம் என்று தெரிந்தால் இப்படி வாங்கி வைப்பார்கள். தினமும் ஏதாவது ஒரு குறையைச் சொல்லி என்னைப் பிடுங்கி எடுக்கிற ஒருவர் அன்று என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர் பக்கம் போய்ச் சும்மா நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து வாயை அதிகம் அசைக்காமல், "சார், இன்னைக்கு அந்தக் கடைசி ரூம் பக்கம் தனியா போயிடாதீங்க" என்றார். அவருடைய தாயாருக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது மனு எழுத உதவி, அது எந்த மேஜையில் கிடக்கிறது என்று நான் விசாரித்துச் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். விதிக்குள் நின்று செய்த உதவி. மேலதிகாரியிடம் சொல்லி அன்றைக்குச் சீக்கிரமே எல்லோரையும் செல்லில் அடைத்து லாக்கப் பண்ணிச் சோதனை போட்டோம். என்ன கிடைத்தது என்பதை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். கிடைத்தது.

இதற்கும் பெயர் இருக்கிறது, டைனமிக் செக்யூரிட்டி. 1980களில் பிரிட்டனில் இயன் டன்பார் என்கிற சிறை நிர்வாகி இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மதில், பூட்டு, கேமரா எல்லாம் ஒரு பாதுகாப்பு, காவலர் கைதிகளை ஆள் ஆளாகத் தெரிந்து வைத்திருப்பது இன்னொரு பாதுகாப்பு, இரண்டாவது இல்லாமல் முதலாவது நிற்காது என்பது அதன் சாரம். எங்கள் பழைய வார்டர்கள் இதைப் பெயர் தெரியாமலே செய்தார்கள். ஆனால் ஒரு காவலர் நூறு பேரைப் பார்க்க வேண்டும் என்றால் யாரை ஆளாகத் தெரிந்துகொள்வது? எண்ணி முடிக்கவே நேரம் போதாது. ஆட்கள் பற்றாக்குறையைச் சம்பளக் கணக்கு விஷயமாகவே பார்க்கிறார்கள், அது பாதுகாப்பு விஷயம். ஆள் குறைந்தால் முதலில் வெட்டுவது பயிற்சியைத்தான், வகுப்புக்கு அனுப்பினால் டூட்டிக்கு யார் நிற்பது என்பார்கள். பயிற்சி இல்லாத காவலர் பயத்தில் வேலையை விட்டுப் போவார், ஆள் இன்னும் குறையும்.

தனியாக ஒருவரை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2013 பிப்ரவரியில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கேனன் என்கிற மத்திய அரசுச் சிறையில், நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் இருந்த பகுதியில் தனியாக டூட்டி பார்த்த காவலர் ஒருவர், இரவு லாக்கப் நேரத்தில் ஒரு கைதியால் குத்திக் கொல்லப்பட்டார். அவரிடம் இருந்தது சாவி, கைவிலங்கு, ரேடியோ. அவருடைய பெற்றோர் விடாமல் போராடி, 2016இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, அந்த நாட்டு மத்தியச் சிறைக் காவலர்கள் மிளகு ஸ்ப்ரே வைத்துக்கொள்ள வழி செய்தது. நல்லதுதான். ஆனால் எனக்கு அந்த ஸ்ப்ரேயைவிடப் பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றிருந்தால் என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வருகிறது.

பெரிய கலவரங்களும் இதைத்தான் காட்டுகின்றன. 1971 செப்டம்பர் 9 அன்று நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் நடுவில் இருந்த இரும்புக் கதவு, பற்றவைத்த இடம் சரியில்லாததால் கைதிகள் குலுக்கியதும் பெயர்ந்து வந்துவிட்டது. அங்கே நின்ற காவலர் அடிபட்டு இரண்டு நாளில் இறந்தார். 13ஆம் தேதி போலீஸ் படை சுட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தபோது சுடப்பட்டு இறந்தவர்கள் 39 பேர். அதில் 10 பேர் பணயமாக இருந்த சிறை ஊழியர்கள். கைதிகள்தான் அவர்கள் கழுத்தை அறுத்துவிட்டார்கள் என்று முதலில் அறிவித்தார்கள். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால் எல்லாம் தோட்டாக் காயம், சொந்தத் தரப்புத் தோட்டா. மொத்தச் சாவு 43. 1980 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே சிறையில் இரவு பல பேர் சேர்ந்து தூங்குகிற ஒரு டார்மிட்டரிக்குள் போன காவலர்களைக் கைதிகள் அமுக்கினார்கள், பூட்டியிருக்க வேண்டிய காரிடார் கதவு திறந்து கிடந்தது, உடையாது என்று நம்பிப் போட்ட கன்ட்ரோல் ரூம் கண்ணாடி உடைந்தது, அப்புறம் சிறை முழுக்கக் கைதிகள் கையில். 36 மணி நேரத்தில் 33 கைதிகள் சக கைதிகளாலேயே கொல்லப்பட்டார்கள், பணயமாகச் சிக்கிய 12 காவலர்கள் உயிரோடு வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்பதைப் படிக்கவே முடியாது. கதவை இழுத்துப் பார்த்துப் பூட்டு என்று நான் என் தங்கை மகளிடம் மூன்று தடவை சொன்னேன், அவள் சிரித்தாள். இதற்காகத்தான் சொன்னேன்.

1990 ஏப்ரலில் மான்செஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 25 நாள் கலவரம் நடந்தது. அதை விசாரித்த நீதிபதி வுல்ஃப் அடுத்த வருடம் கொடுத்த அறிக்கையில் பாதுகாப்பு, கட்டுப்பாடு, நியாயம் மூன்றும் சரியான அளவில் இருந்தால்தான் சிறை நிலையாக இருக்கும் என்றார். நியாயம் என்பதைக் கைதிகளுக்குச் செய்யும் சலுகையாக நிறையப் பேர் நினைக்கிறார்கள். சிறைக்குள் நின்று வேலை பார்த்தவனாகச் சொல்கிறேன், அது எங்கள் உயிருக்கான காப்பு. காலையில் ஒரு கைதியை ஒரு காவலர் காரணமில்லாமல் அவமானப்படுத்திவிட்டு ஷிப்ட் முடிந்து போய்விடுவார், அடுத்த ஷிப்டில் வருகிறவர்தான் அதற்கு அடிவாங்குவார். என் வலது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது, அது அப்படி வந்ததுதான். அடித்தவர் பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார், உங்க மேல கோபமில்ல சார் என்றார்.

என்ன பயிற்சி தர வேண்டும் என்று நாம் புதிதாக யோசிக்க வேண்டியதுகூட இல்லை. ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் என்று 122 விதிகள் இருக்கின்றன. 27 வருடம் சிறையில் இருந்தவர் பெயரில் இருப்பதால் அது கைதிகளுக்கான விதி என்று மட்டும் நினைத்துவிடுகிறார்கள். முதல் விதியிலேயே கைதிகளோடு சேர்த்து ஊழியர்களின் பாதுகாப்பும் எப்போதும் உறுதி செய்யப்பட வேண்டும் என்று இருக்கிறது. 75ஆவது விதி, வேலையில் சேர்வதற்கு முன்பே பயிற்சி தர வேண்டும், எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறியவர்களைத்தான் வேலையில் விட வேண்டும், அதன் பிறகும் பயிற்சி தொடர வேண்டும் என்கிறது. 76ஆவது விதியில் முதலுதவி, மனநலக் கோளாறை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது, பேசித் தணிப்பது, சமரசம் செய்வது, நான் மேலே சொன்ன டைனமிக் செக்யூரிட்டி எல்லாம் பாடமாக வருகிறது. 82ஆவது விதி, தற்காப்பு, தப்பிக்கும் முயற்சி, சட்டப்படியான உத்தரவுக்கு உடல்ரீதியான எதிர்ப்பு, இந்த மூன்றுக்கு மட்டும்தான் பலத்தைப் பயன்படுத்தலாம், அதுவும் தேவைக்கு மேல் கூடாது, உடனே மேலே தெரிவிக்க வேண்டும் என்கிறது. பலத்தைப் பயன்படுத்தவும் பயிற்சி வேண்டும். ஒருவரைக் குப்புறப் போட்டு முதுகில் நாலு பேர் உட்கார்ந்தால் அவருக்கு மூச்சுத் திணறிச் சாவு வரும் என்று தெரியாமல், வேண்டுமென்று செய்யாமல், கொலைப்பழி சுமந்த காவலர்கள் உலகம் முழுக்க உண்டு. யாராவது ஒருவர் தலைப்பக்கம் நின்று மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிற ஒரு வரி தெரிந்திருந்தால் இரண்டு குடும்பம் தப்பித்திருக்கும்.

நார்வேயில் சிறை அதிகாரியாக வேண்டும் என்றால் இரண்டு வருடப் படிப்பு, சம்பளத்தோடு. சட்டம், உளவியல், ஒழுக்கம் எல்லாம் படித்து, சிறைக்குள் வேலை பழகிய பிறகுதான் முழுப் பொறுப்பு. ஒவ்வொரு கைதிக்கும் இன்னார்தான் தொடர்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார். அமெரிக்க மத்திய சிறைத் துறையில் முதல் வருடத்தில் 200 மணி நேரம், அதில் மூன்று வாரம் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் பயிற்சி மையத்தில். இங்கிலாந்தில் 18 வயது நிரம்பினாலே சேரலாம், சில வாரப் பயிற்சி முடித்து நேராகக் கைதிகள் இருக்கிற விங்குக்கு. 18 வயதுப் பிள்ளையை, தன் வயதைவிட அதிக வருடம் சிறையில் கழித்தவர்களுக்கு நடுவே நிறுத்துகிறோம். எல்லா இடத்திலும் நார்வே மாதிரி செலவு செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் முதல் மூன்று மாதம் அனுபவமுள்ள ஒருவர் கூடவே நிற்க வேண்டும், அதுவரை தனி டூட்டி கிடையாது என்று ஒரு உத்தரவு போடப் பெரிய பணமா வேண்டும்?

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி, மார்ச்சில் நியூயார்க் மாநிலச் சிறைக் காவலர்கள் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் சங்கம் அனுமதிக்காத வேலைநிறுத்தம், சட்டப்படியும் தவறு, 2,000க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். 24 மணி நேரம்கூடத் தொடர்ந்து நிற்க வைக்கிறார்கள் என்பது அவர்களுடைய பெரிய குறைகளில் ஒன்று. அந்தச் சமயத்தில் உள்ளே இருந்த கைதிகள் சரியான கவனிப்பு இல்லாமல் கஷ்டப்பட்டதையும் மறக்கக் கூடாது. ஆனால் பதினாறு மணி நேரம் நின்ற காவலர் எந்த வகுப்பில் என்ன படித்திருந்தாலும் பயன் இல்லை, அவருக்குக் கண் பார்க்கும், மனதில் பதியாது.

வீட்டைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன், புதிதாகச் சேர்கிறவர்கள் படிக்கட்டும். நான் எங்கே போனாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவேன், முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் பேச்சு வராது. என் மகன் சின்ன வயதில் ஒரு நாள், "அப்பா, தினமும் ராத்திரி எங்களையும் எண்ணிட்டுத்தான் படுக்கறீங்க" என்றான். எண்ணியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். கட்டில் பக்கத்தில் சாவி சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மனைவி என்ன ஆச்சு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பேன், 31 வருடமும் அதுதான் என் பதில். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நானே நம்பினேன். சிறை ஊழியர்களிடம் மன அழுத்தமும் அதிர்ச்சியின் பின்விளைவும் தற்கொலையும் மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. எங்கள் கூட்டத்திலும் இரண்டு பேரை அப்படி இழந்தோம். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள். செல்லுக்குள் ஒருவர் இறந்தால் கைதிகளிடம் விசாரிப்பார்கள், டாக்டரிடம் விசாரிப்பார்கள், கயிற்றை அறுத்த காவலரிடம் எழுத்துமூலமான விளக்கம் கேட்பார்கள். அவரை உட்கார வைத்து நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க யாரும் இல்லை. அன்றைக்கு ராத்திரி அதே பிளாக்குக்கு மறுபடியும் டூட்டி போடுவார்கள். இதையும் பயிற்சிக்குள்தான் சேர்க்க வேண்டும். உடம்பில் என்னென்ன மாற்றம் வரும், எப்போது டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும், சக காவலரிடம் அந்த மாற்றத்தைக் கண்டால் எப்படிப் பேச வேண்டும் என்று. குடும்பத்தாரையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லலாம். என் மனைவிக்கு யாராவது சொல்லியிருந்தால், என் கோபத்துக்குத் தானே காரணம் என்று அவள் அத்தனை வருடம் நினைத்திருக்க மாட்டாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த நாலு வரிச் செய்தி வரும்போது, உங்கள் நிருபர் நான் முதலில் எழுதிய கேள்விகளில் இரண்டையாவது கேட்கட்டும். எத்தனை கைதிக்கு எத்தனை காவலர் அன்றைக்கு நின்றார்கள், அந்தக் காவலர் கடைசியாக எப்போது பயிற்சிக்குப் போனார். இந்த இரண்டு எண்ணும் அச்சில் வர ஆரம்பித்தால் மேலே இருப்பவர்கள் பதில் தயார் செய்தே ஆக வேண்டும். அப்புறம், ஓய்வு பெற்ற காவலர்களை வகுப்பெடுக்கக் கூப்பிட்டால் நான் காசு வாங்காமல் வருவேன். என்னைப் போல நிறையப் பேர் வருவார்கள். எங்கள் தழும்பைக் காட்டிச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

தங்கை மகளிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். முதல் நாள் சாவி வாங்கும்போது அலாரம் எங்கே இருக்கிறது, அதை அடித்தால் எத்தனை பேர், எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்று கேட்டுக்கொள் என்றேன். "யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னா என்ன மாமா பண்றது?" என்று கேட்டாள். டூட்டி பார்க்க மாட்டேன் என்று அவள் சொல்ல முடியாது, வேலை போய்விடும். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதினேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறைக்காவலர் ஒருவர்